குடிபோதை ஓட்டுநரால் ஓர் உயிர் போனால்: நம் கோபம் எங்கே போய்ச் சேர வேண்டும்?



நம் மஹல்லாக்களில் பல குடும்பங்கள் சைக்கிளையும் பைக்கையும் நம்பித்தான் பிழைக்கின்றன. சுபுஹு தொழுகைக்குச் சைக்கிளில் போகும் பெரியவர், விடியுமுன் மார்க்கெட்டுக்குக் கிளம்பும் மீன் வியாபாரி, இரவு கடையை அடைத்துவிட்டு வீடு திரும்பும் பிள்ளை என்று இவர்கள் எல்லோரும் சாலையில் இருப்பது இருட்டு நேரத்தில். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்கள் அதிகம் வருவதும் அந்த நேரத்தில்தான்.

அப்படி ஒரு மவுத் நடந்துவிட்டால் ஊரே திரள்கிறது. அழுகையும் கோபமும் சேர்ந்தே வருகின்றன. இரண்டும் தவறல்ல. தம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது நபி (ஸல்) அவர்களே கண்ணீர் சிந்தினார்கள். அநியாயத்தைக் கண்டு கோபம் வராத மனிதனும் இல்லை. ஆனால் அந்தக் கோபம் கூட்டமாக நின்று கத்துவதோடு முடிந்துபோனால், ஜனாஸா அடக்கமாகும் முன்பே வழக்குக்குத் தேவையான ஆதாரம் அழிந்துவிடும். மூன்று மாதம் கழித்து அந்த வீட்டில் விதவையும் பிள்ளைகளும் கையில் ஒரு காகிதமும் இல்லாமல் நிற்பார்கள். அந்த நிலை வராமல் இருக்க முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திருவனந்தபுரத்தில் நடந்தது

2019 ஆகஸ்ட் 3. நள்ளிரவு தாண்டி சுமார் ஒரு மணி. ‘சிராஜ்’ மலையாள நாளிதழின் திருவனந்தபுரம் பிரிவுத் தலைவர் கே.எம். பஷீர் மோட்டார் சைக்கிளில் இருந்தபோது வேகமாக வந்த கார் மோதி உயிரிழந்தார். காரை ஓட்டியதாகக் குற்றம்சாட்டப்பட்டவர் ஓர் இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவர் மீது மது வாடை வீசியதாகச் சொல்லப்பட்டது. ஆனாலும் அவருடைய இரத்த மாதிரி உடனே எடுக்கப்படவில்லை. ஒன்பது மணி நேரத்துக்குப் பிறகே எடுக்கப்பட்டது. அந்தப் பரிசோதனையில் மது இருந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை.

கேரளம் கொந்தளித்தது. பத்திரிகையாளர்களும் முஸ்லிம் அமைப்புகளும் தெருவுக்கு வந்தார்கள். 2022 ஜூலையில் அந்த அதிகாரி ஆலப்புழா மாவட்ட ஆட்சியராக நியமிக்கப்பட்டபோது மீண்டும் எதிர்ப்பு எழுந்து, சில நாட்களிலேயே அவர் அப்பதவியிலிருந்து மாற்றப்பட்டார். நீதிமன்றத்தில் வழக்கு மேலும் கீழுமாகப் போனது. 2022 அக்டோபரில் கீழமை நீதிமன்றம் கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற பிரிவிலிருந்து அவரை விடுவித்தது. 2023 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் அப்பிரிவில் அவர் விசாரணையைச் சந்திக்க வேண்டும் என்று சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது.

குற்றம் நடந்ததா என்று முடிவு செய்ய வேண்டியது விசாரணை நீதிமன்றம். நமக்கு இதில் இருக்கும் பாடம் வேறு. ஒரு பதவியைத் திரும்பப் பெற வைக்கும் அளவுக்கு மக்களின் கோபத்துக்கு வலிமை இருந்தது. ஆனால் அந்த ஒன்பது மணி நேரத்தை எந்தப் போராட்டத்தாலும் திரும்பப் பெற முடியவில்லை.

மது உடலில் எவ்வளவு நேரம் இருக்கும்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவுப்படி 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் அது குடிபோதையில் ஓட்டிய குற்றம். முதல் முறை என்றால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். இது குடித்து ஓட்டியதற்கு மட்டுமான தண்டனை. உயிர் போனதற்கான வழக்கு தனி.

குடித்த மதுவை ஈரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே இருக்கும். மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் இது சற்றுக் கூடும், குறையும். விபத்து நேரத்தில் 120 மில்லிகிராம், அதாவது அனுமதித்த அளவைப் போல நான்கு மடங்கு இருந்தவருக்கு ஆறு மணி நேரத்தில் அது 30-க்கு இறங்கிவிடும். எட்டு மணி நேரத்தில் ஒன்றுமே இருக்காது. இரவு ஒரு மணிக்கு விபத்து நடந்தால் காலை ஒன்பது மணிக்கு எடுக்கும் இரத்தம் அவரைக் குடிக்காதவராகக் காட்டும்.

அதனால்தான் இக்குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தக்க காரணமின்றி ஒருவர் பரிசோதனைக்கு மறுத்தால், அந்த மறுப்பையே நீதிமன்றம் அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம்.

முதல் சில மணி நேரத்தில்

அடிபட்டவருக்கு உயிர் இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகள் பணம் கேட்கக் கூடாது. 2025-இல் வந்த மத்திய அரசின் திட்டத்தில் 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைக்கும் வழி இருக்கிறது. தூக்கிக்கொண்டு போனவர் மீது வழக்கு வரும் என்ற பயம் இனி வேண்டாம். நல்லெண்ணத்துடன் உதவியவரை சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது.

அடுத்து, குடும்பத்தார் மருத்துவமனையில் இருக்கும் அந்த நேரத்திலேயே ஜமாஅத்திலிருந்து விவரம் தெரிந்த இருவர் காவல் நிலையம் போக வேண்டும். இருபது பேர் போனால் தள்ளுமுள்ளு ஆகும். இருவர் போதும். அவர்கள் செய்ய வேண்டியவை:

ஓட்டுநர் குடித்திருந்ததாகச் சந்தேகம் இருப்பதாகவும், உடனே இரத்த மாதிரி எடுக்க வேண்டும் என்றும் எழுத்தில் மனு கொடுங்கள். மனுவில் தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். அதே மனுவைப் படமெடுத்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அல்லது ஆணையர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். பின்னால் இரத்தம் தாமதமாக எடுக்கப்பட்டிருந்தால், நீங்கள் எத்தனை மணிக்குக் கேட்டீர்கள் என்பதற்கு அந்த மனுவே சாட்சி.

வண்டிகள் கிடந்த நிலை, நம்பர் பிளேட், டயர் தேய்ந்த தடம், காருக்குள் பாட்டில் இருந்தால் அது ஆகியவற்றை எதையும் தொடாமல் படம் எடுங்கள். பக்கத்துக் கடைகளின் கேமரா பதிவைக் கைப்பற்றும்படி மனுவில் கேளுங்கள். பல கடைகளில் சில நாட்களிலேயே பழைய பதிவு அழிந்து புதியது ஏறிவிடும். நேரில் பார்த்தவர்களின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மது வாடை வீசியது, ஓட்டுநர் தள்ளாடினார் என்று நேரில் கண்டு சொல்பவரின் வாக்குமூலம், இரத்த அறிக்கை கைவிட்டுப்போன வழக்கில் பெரிதும் உதவும்.

சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாதீர்கள். உயிர் போன விபத்துக்கு எஃப்.ஐ.ஆர். பதிவாக வேண்டும். அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும்.

போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்

நம் குடும்பங்கள் அதிகம் இழப்பது இங்கேதான். மய்யித்தை விரைவாக அடக்க வேண்டும், உடலை அறுக்கக் கூடாது என்ற உணர்வு நமக்கெல்லாம் இருக்கிறது. அது மரியாதையிலிருந்து வரும் உணர்வு. ஆனால் விபத்தில் போன உயிருக்குப் போஸ்ட்மார்ட்டம் அறிக்கை இல்லாவிட்டால், அவர் இந்த விபத்தால்தான் இறந்தார் என்பதையே எதிர்த்தரப்பு கேள்வி கேட்கும். குற்ற வழக்கும் தளரும், நஷ்டஈடும் தளரும். நீதிக்கும் வாரிசுகளின் உரிமைக்கும் அவசியமான இடத்தில் இது கூடும் என்று மார்க்க அறிஞர்கள் பலர் விளக்கியிருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளி இமாமிடம் அன்றே கேளுங்கள். குளிப்பாட்டுவதும் கஃபனிடுவதும் அதன் பிறகு வழக்கம்போல நடக்கும்.

தாமதத்தைக் குறைக்கவும் வழி இருக்கிறது. வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதி தந்தது. கொலை, சதி போன்ற சந்தேகம் உள்ள மரணங்களுக்கு இது பொதுவாகப் பொருந்தாது. விபத்து மரணத்துக்குக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

எந்தப் பிரிவில் வழக்கு?

கவனக்குறைவால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு. தண்டனை 5 ஆண்டு வரை. குடித்துவிட்டு இப்படி ஓட்டினால் உயிர் போகும் என்று தெரிந்தே ஓட்டினார் என்று நிறுவ முடிந்தால் 105-ஆம் பிரிவு. அதில் 10 ஆண்டு வரை தண்டனை தர முடியும். மும்பையில் 2006-இல் நடைபாதையில் உறங்கிய தொழிலாளர்கள் மீது கார் ஏறி ஏழு பேர் இறந்த வழக்கில், குடித்துவிட்டு ஓட்டியவருக்குப் பழைய சட்டத்தின் இந்தக் கடுமையான பிரிவிலேயே தண்டனை கிடைத்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

எந்தப் பிரிவு என்பது எத்தனை பேர் சாலையில் உட்கார்ந்தார்கள் என்பதைப் பொறுத்ததல்ல. அது முதல் நாள் சேர்ந்த ஆதாரத்தைப் பொறுத்தது. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாட்களுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ காவல்துறை தெரிவிக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது. 90 நாட்கள் ஆகியும் தகவல் வராவிட்டால் நேரில் போய்க் கேளுங்கள்.

நஷ்டஈடு: ‘சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லையே!’

பலர் இப்படி நினைத்து விட்டுவிடுகிறார்கள். சைக்கிளுக்கு இன்சூரன்ஸும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். நஷ்டஈடு தர வேண்டியது மோதிய வண்டியின் உரிமையாளரும் அவருடைய இன்சூரன்ஸ் நிறுவனமும்தான். ஓட்டுநர் குடித்திருந்ததால் பணம் தர மாட்டோம் என்று நிறுவனம் வாதாடலாம். அப்படிப்பட்ட பல வழக்குகளில், முதலில் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன.

தொகை எப்படிக் கணக்காகிறது? 34 வயதுச் சுயதொழில்காரர், மாத வருமானம் 15,000 ரூபாய், வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று வைத்துக்கொள்வோம். உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்த்தால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. அந்த வயதுக்கான பெருக்கு எண் 16. ஆக 30,24,000 ரூபாய். இதன்மேல் அடக்கச் செலவு போன்ற சில தொகைகள் சேரும். சம்பளச் சீட்டு இல்லாத வியாபாரிக்கும் கூலித் தொழிலாளிக்கும் நீதிமன்றம் ஒரு வருமானத்தை நிர்ணயித்துக் கணக்கிடும். ஆனாலும் பேங்க் பாஸ்புக், கடை ரசீது, சங்க அட்டை எது இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மருத்துவமனை வாசலில் ‘ஐம்பதாயிரம் தருகிறோம், கேஸ் வேண்டாம்’ என்று சொல்லி நீட்டப்படும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் யாருடைய பணம் போகிறது? அந்த எத்தீம் பிள்ளைகளின் பணம்.

மனுவை விபத்து நடந்த ஊரில் மட்டுமல்ல, நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம். 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்பது 2019 திருத்தம். அந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் இருந்தாலும் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். இத்தா நான்கு மாதம் பத்து நாள். அது முடியட்டும் என்று இருந்தால் மீதி ஐம்பது நாள்தான். வக்காலத்துக் காகிதத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கையெழுத்து வாங்கலாம். மற்ற அலைச்சலை வாப்பாவோ சகோதரரோ ஜமாஅத்தோ பார்த்துக்கொள்ளலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தரும். தொலைபேசி எண் 15100.

மோதிய வண்டி எது என்றே தெரியாமல் ஓடிவிட்டால்? அப்போதும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. மரணத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் அரசு நிதியிலிருந்து கிடைக்கும். கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இந்தப் பணம் கூடுமா? மன்னிக்கலாமா?

நம்மிடம் அடிக்கடி வரும் கேள்விகள் இவை. தவறுதலாகப் போன உயிருக்கும் வாரிசுகளுக்கு ஈடு உண்டு என்பதும், அவர்கள் விரும்பினால் விட்டுக்கொடுக்கலாம் என்பதும் மார்க்கம் அறிந்த விஷயம். இங்கே குடும்பம் இன்சூரன்ஸ் எடுத்து இலாபம் பார்க்கவில்லை. உயிரைப் பறித்தவர் தர வேண்டிய ஈட்டை அவர் சார்பில் நிறுவனம் தருகிறது. அதன் விவரங்களில் ஐயம் இருந்தால் ஆலிமிடம் தெளிவு பெறுங்கள்.

மன்னிப்பு மிக உயர்ந்தது. ஆனால் அது வாரிசுகளின் உரிமை. சித்தப்பாவோ ஊர்த் தலைவரோ அவர்கள் சார்பில் மன்னிக்க முடியாது. பெரியவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கலாம். சிறு பிள்ளைகளின் பங்கு அமானத். அதை விட்டுக்கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. நீதிமன்றமும் அதனால்தான் சிறார்களின் பங்கை அவர்கள் வயதுக்கு வரும்வரை வங்கியில் போட்டு வைக்கச் சொல்கிறது. மனைவியின் மனம் நிறைந்து வரும் மன்னிப்பு வேறு. அழுதுகொண்டிருப்பவரைச் சுற்றி நின்று வாங்கும் கையெழுத்து வேறு.

கோபம் எல்லை தாண்டும்போது

2024 மே 19 அதிகாலை புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய சொகுசுக் கார் மோதி, மோட்டார் சைக்கிளில் சென்ற 24 வயது மென்பொருள் பொறியாளர்கள் இருவர் இறந்தார்கள். பையன் குடித்திருந்ததாகக் குற்றச்சாட்டு. சில மணி நேரத்திலேயே ஜாமீன் கிடைத்தது. விபத்து பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுத வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பால் விசாரணை இறுகியது. பையனின் இரத்த மாதிரி தாயின் மாதிரியோடு மாற்றப்பட்டதாகக் காவல்துறை கண்டறிந்து மருத்துவர்களையே கைது செய்தது. இது கோபம் செய்த நன்மை.

அதே கோபம் இன்னொன்றும் செய்தது. சம்பந்தமே இல்லாத ஒருவரின் காணொலி அந்தப் பையனுடையது என்று பரவியது. பார்த்தவர்கள் எல்லோரும் திட்டித் திட்டிப் பகிர்ந்தார்கள். கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்ட பையனை விடுவிக்கும்படி 2024 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மக்கள் கூச்சலுக்காகச் சட்டத்தை மீற முடியாது என்பதே அதன் காரணம்.

ஆகவே நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டுநரை அடிக்காதீர்கள். அடிபட்டவர் மருத்துவமனைக்குப் போய்விட்டால், குடித்திருந்தாரா என்ற பரிசோதனை பின்னுக்குப் போய் யார் அடித்தது என்பதே வழக்காகிவிடும். கண்ணாடி உடைத்தவர் மீதும் மறியல் செய்தவர் மீதும் போடப்படும் வழக்கு அவருடைய வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் குறுக்கே வந்து நிற்கும். ஓட்டியவரின் மதத்தையும் சாதியையும் படத்தையும் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்பது குர்ஆன் நமக்குத் தந்த கட்டளை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது எந்தக் கை என்பதைக் கேட்போம். அது எந்தத் தெருவின் கை என்று கேட்க வேண்டாம்.

அந்தக் கை நம் தெருவின் கையாகவும் இருக்கலாம். மது ஹராம் என்று தெரிந்தும் நம் பிள்ளைகளில் சிலர் அதில் விழுந்திருப்பதை நாம் அறிவோம். பதினாறு வயது மகனுக்கு ஆசையாய் பைக் வாங்கித் தரும் வாப்பாமாரையும் அறிவோம். சிறுவர் ஓட்டி விபத்து நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொரு வீட்டுப் பிள்ளையின் உயிருக்கு நாளை மறுமையில் என்ன பதில் சொல்வோம்?

சைக்கிளில் போகிறவர்களும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், இருட்டில் வெளிர்நிற உடை, பைக் என்றால் ஹெல்மெட். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கச் சொல்லித் தந்தார்கள் நபி (ஸல்) அவர்கள். எதுவும் நடந்துவிட்டால் ‘வெளிச்சம் இல்லாமல் வந்தார், தவறு அவர் மீதும் இருக்கிறது’ என்று எதிர்த்தரப்பு சொல்லி நஷ்டஈட்டைக் குறைக்கவும் இடம் இருக்காது.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

ஒவ்வொரு மஹல்லாவிலும் விபத்து நேரத்தில் அழைக்க இருவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பள்ளிவாசல் பலகையில் இப்போதே எழுதி வையுங்கள். இரவு இரண்டு மணிக்கும் எடுப்பவர்களாக அவர்கள் இருக்கட்டும். இரத்தப் பரிசோதனை கேட்கும் மனுவை எழுதி, பெயரும் நேரமும் மட்டும் நிரப்பும்படி நிர்வாகியிடம் பத்துப் பிரதி வைத்திருங்கள். ஜனாஸா முடிந்த மூன்றாம் நாளோடு போய்விடாமல், ஆறாவது மாதம் வரை அந்த வீட்டுக்கு மாதம் ஒருமுறை யாராவது போய் வாருங்கள்.

போன உயிரை நம்மால் திருப்பிக் கொண்டுவர முடியாது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஆனால் அந்த வீட்டில் மிச்சமிருப்பவர்களின் உரிமை போகாமல் காப்பது நம் கையில் இருக்கிறது. சாலையில் உயிர் நீத்த அனைவரின் குடும்பத்தாருக்கும் அல்லாஹ் அழகிய பொறுமையைத் தருவானாக. நீதியின் பக்கம் நிற்கும் உறுதியை நமக்கும் தருவானாக. ஆமீன்.